நீரிழிவின் சரித்திரம் — 9: தெற்கிலிருந்து வந்த விடை

சென்ற அத்தியாயத்தின் முடிவில் நாம் டொராண்டோ நகரத்தில் இருந்தோம். 1922ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அந்நகரத்துப் பொது வைத்தியசாலையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த 14 வயதுச் சிறுவனுக்குக் கணையத்தின் சாரம் ஊசி வழியாக ஏற்றப்பட்டதையும், ஓரிரு ஆண்டுகளுக்குள் அம்மருந்து கடல் கடந்து பல நாடுகளுக்கும் பரவி, பெற்றோர் கைவிட்டு அழுத குழந்தைகளை உயிரோடு எழுந்து நடக்கச் செய்ததையும் கண்டோம். வைத்திய சரித்திரத்தில் அதற்கு நிகரான வெற்றிகள் மிகச் சிலவே. ஆனால் பெரிய வெற்றி எதுவும், தான் விடையளித்த கேள்வியைத் தவிர வேறு கேள்வியே இல்லை என்ற எண்ணத்தையும் கூடவே கொண்டுவருவதுண்டு. 1889இல் ஸ்டிராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் நாயின் கணையத்தை அகற்றி நீரிழிவை உண்டாக்கிக் காட்டினார்கள். 1922இல் கணையத்தின் சாரமே அதைத் தணிக்கும் என்பது நிச்சயமாயிற்று. ஆகவே நீரிழிவு என்பது கணையத்தின் குறை, கணையத்தின் குறையே நீரிழிவு என்று அறிஞர்கள் அமைதி கொண்டார்கள்.

அந்த அமைதிக்குள் அடங்காத ஒரு செய்தி நெடுநாளாக வைத்தியர்களின் குறிப்பேடுகளில் கிடந்தது. மனிதனின் கைகால்களும் தாடையும் மூக்கும் வளர்ந்த வயதுக்குப் பின்னும் பெருத்துக்கொண்டே போகும் ஒரு விசித்திர வியாதி இருக்கிறது. 1886இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் பியேர் மாரி அதை விவரித்து அக்ரோமெகலி என்று பெயரிட்டார். மூளையின் அடியில், மண்டையோட்டு எலும்பின் சிறு குழியொன்றில் அமர்ந்திருக்கும் அரைக் கிராம் எடையுள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பியில் கட்டி வளர்வதால் அது வருகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்த நோயாளிகளில் பலருடைய சிறுநீரில் சர்க்கரை இருந்தது. கணையத்தில் கோளாறு எதுவும் காணப்படாதபோது சர்க்கரை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் பெயர்பெற்ற மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் 1911இல் தம் சகாக்களோடு இந்த விஷயத்தை ஆராய்ந்து, பிட்யூட்டரியின் பின்மடலுக்கே சர்க்கரையின் மீது அதிகாரம் உண்டு என்று கருதினார். அவருடைய பெயரின் கனத்தால் அந்த அபிப்பிராயம் பல ஆண்டுகள் செல்வாக்கோடு நிலைத்தது. அது சரியன்று என்று காட்டியவர், பாரிஸிலோ பெர்லினிலோ பாஸ்டனிலோ இருந்தவரல்லர். உலகத்தின் விஞ்ஞான ஏடுகள் அதுவரை அதிகம் கவனியாத தென் அமெரிக்க நகரமொன்றில், அர்ஜென்டீனாவின் தலைநகரான பியூனஸ் அயர்ஸில் இருந்தவர். பெர்னார்டோ ஆல்பெர்டோ ஹூசே என்பது அவர் பெயர்.

ஹூசே 1887ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி அந்நகரத்திலேயே பிறந்தார். தாய் தந்தையர் பிரான்ஸிலிருந்து குடியேறியவர்கள், எட்டுக் குழந்தைகள் கொண்ட குடும்பம், தகப்பனார் வக்கீல். பிள்ளையின் அறிவு வயதுக்கு மீறியதாக இருந்தது. 14 வயதில் சர்வகலாசாலையின் மருந்தியல் பள்ளியில் சேர்ந்து, 17 வயதில் முதல் மாணவராகத் தேறி வெளிவந்தார். அதன் பிறகே வைத்தியம் படிக்கத் தொடங்கி, மருந்தாளராக உழைத்துப் படிப்புச் செலவைத் தாமே ஈட்டிக்கொண்டார். மாணவராக இருக்கும்போதே உடலியல் துறையில் உதவிப் பதவியும், கால்நடை வைத்தியக் கல்லூரியில் ஆசிரியப் பொறுப்பும் அவரைத் தேடி வந்தன. 1911இல் அவர் எழுதி முடித்த டாக்டர் பட்ட ஆய்வேடு பிட்யூட்டரியின் சாரங்கள் சரீரத்தில் செய்யும் வேலையைப் பற்றியது. அக்ரோமெகலி நோயின் விசித்திரம்தான் அந்தச் சிறு சுரப்பியின்பால் அந்த இளைஞரை முதலில் இழுத்தது. இருபதுகளின் தொடக்கத்தில் பற்றிய அந்தச் சிரத்தை, 84 வயதில் அவர் கண்மூடும் வரையில் அவரை விடவில்லை.

இடையில் சில ஆண்டுகள் அவர் அரசாங்கத்தின் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடத்தில், பாம்பு, சிலந்தி ஆகியவற்றின் விஷங்களையும் அவற்றுக்கு மாற்றான மருந்துகளையும் ஆராய்ந்தார். பயனுள்ள காரியந்தான், ஆயினும் நம் சரித்திரத்துக்கு அது கிளைவழி.

1919ஆம் ஆண்டுதான் அவருடைய வாழ்க்கையின் திருப்பம். பியூனஸ் அயர்ஸ் சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரியில் உடலியல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அக்காலத்து வழக்கம், பேராசிரியராக இருப்பவர் காலையில் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு, மீதிப் பொழுதைத் தம்முடைய சொந்த வைத்தியத் தொழிலில் செலவழிப்பது. பதவி கௌரவத்துக்கு, வருமானம் நோயாளிகளிடமிருந்து. ஹூசே அந்தச் சம்பிரதாயத்தை உதறினார். நல்ல பெயரும் நல்ல வருவாயும் தரத்தக்க வைத்தியத் தொழிலை அடியோடு விட்டுவிட்டு, நாள் முழுவதும் ஆராய்ச்சிக்கும் போதனைக்குமே என்று தம்மை ஒப்புக்கொடுத்தார். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் ஆராய்ச்சி என்பது ஐரோப்பியர் செய்ய, மற்ற நாட்டார் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய பொருள் என்று கற்றவர்களே நம்பியிருந்த ஒரு தேசத்தில், முழுநேர ஆராய்ச்சியாளன் என்ற ஒரு மனித வகையையே அவர் புதிதாகச் சிருஷ்டிக்க வேண்டியிருந்தது. அவரைச் சுற்றி வளர்ந்த உடலியல் ஆய்வகம், இருபது ஆண்டுகளுக்குள் உலகத்தின் தலைசிறந்த ஆய்வகங்களோடு சேர்த்து எண்ணப்படும் நிலையை எட்டியது. 1920இல் அவர் மணந்துகொண்ட மரியா ஆஞ்செலிகா கதான் அம்மையாரும் ரசாயன விஞ்ஞானம் கற்றவர். அவர்களுடைய புதல்வர் மூவரும் பிற்காலத்தில் வைத்தியர்களானார்கள்.

இனி அந்தப் பரிசோதனைகளுக்கு வருவோம்.

கணையத்தின் சாரமான இன்சுலின் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, அதாவது 1924ஐ ஒட்டி, ஹூசேயின் கூடத்தில் ஒரு புதுமை தென்பட்டது. பிட்யூட்டரி அகற்றப்பட்ட நாய்களுக்கு இன்சுலின் கொடுத்துப் பார்த்தபோது, சாதாரண நாய் ஒன்றைச் சிறிதும் பாதிக்காத அற்ப அளவே இவற்றைக் கடுமையாகத் தாக்கியது. ரத்தத்தில் சர்க்கரை வேகமாக வீழ்ந்து, வலிப்புக் கண்டு, சில வேளை உயிரே பிரிந்தது. இதே சோதனையைச் செய்த வேறொருவர், அறுவையால் நலிந்த பிராணி மருந்தைத் தாங்கவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கக் கூடும். ஹூசே அப்படிப் போகவில்லை. இன்சுலினின் வேகத்தைச் சாதாரண சரீரத்தில் ஏதோ ஒன்று எதிர்நின்று தடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பிட்யூட்டரி போனதும் அந்தத் தடை போய்விட்டது. ஆகவே இன்சுலின் தடையின்றிப் பாய்கிறது என்பது அவர் கொண்ட ஊகம். ஊகம் உண்மையானால் அதிலிருந்து மற்றொரு முடிவும் பிறக்கவேண்டும். இன்சுலினே இல்லாத, கணையம் அகற்றப்பட்ட பிராணியில், அதை எதிர்க்கும் சக்தியையும் அகற்றிவிட்டால் நிகழ்வது என்ன?

இந்தக் கேள்விக்கு விடைகாண அவரும் அவருடைய சகா ஆல்பிரெடோ பியாசோட்டியும் நாய்களோடு தேரைகளையும் எடுத்துக்கொண்டார்கள். அந்நாட்டில் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்கும் பெரிய தேரை அது. அறுவையை எளிதில் தாங்கக்கூடியது; வாயின் மேலண்ணத்தின் வழியாகவே பிட்யூட்டரியை அணுகிவிடலாம்; எல்லாவற்றுக்கும் மேலாக, முன்மடலைப் பின்மடலினின்று பிரித்துத் தனியாக எடுக்க அதன் உடலமைப்பு இடங்கொடுக்கிறது. நாயிடத்தில் மிகுந்த சாமர்த்தியம் இருந்தாலன்றிச் செய்ய முடியாததைத் தேரையிடத்தில் நூற்றுக்கணக்கில் செய்து பார்க்க முடிந்தது. விலையுயர்ந்த கருவிகளுக்கு வழியில்லாத ஒரு தேசத்து விஞ்ஞானி, தம் மண்ணில் இயல்பாகக் கிடைத்த பிராணியைக் கொண்டே உலகத்தின் பெரிய ஆய்வகங்களுக்கு எட்டாத விடையை எட்டினார் என்பதை நான் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன். அந்த வாயில்லா ஜீவன்கள் பட்ட வேதனையையும் மறந்துவிட்டு இந்த அத்தியாயத்தை எழுதவோ படிக்கவோ நமக்கு உரிமையில்லை.

தேரையின் கணையத்தை அகற்றினால் கடும் நீரிழிவு கண்டது. கணையத்தோடு பிட்யூட்டரியையும் அகற்றினால் நீரிழிவு மிக லேசாயிற்று, அல்லது தோன்றவே இல்லை. அப்படிப்பட்ட தேரையின் தோலுக்கு அடியில் மற்றொரு தேரையின் பிட்யூட்டரி முன்மடலைப் பதித்துவைத்தால், தணிந்திருந்த நீரிழிவு முழு வேகத்தோடு திரும்பிவந்தது. பின்மடலைப் பதித்தால் வரவில்லை. இந்த நான்கு சோதனைகளையும் வரிசையாகப் பார்க்கும்போது, ஒன்றில் எழும் சந்தேகத்தை அடுத்தது தீர்க்கும்படி அவை கோக்கப்பட்டிருப்பது தெரியும். பிட்யூட்டரியை அகற்றும்போது அருகிலுள்ள மூளைப் பகுதி காயப்படுகிறது, விளைவுகள் அந்தக் காயத்தால் வருபவை என்று அக்காலத்தில் அறிஞர் சிலர் வாதித்தார்கள். மூளைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், தோலுக்கடியில் பதித்த ஒரு துணுக்குச் சதை நோயைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அந்த வாதம் நிற்க இடமில்லாமல் போயிற்று. குஷிங் கூறிய பின்மடலுக்கும் அதோடு அந்தப் பெருமை நீங்கிற்று.

நாய்களிடமும் முடிவு இதுவே. கணையம் மட்டும் இழந்த நாய் இன்சுலின் இன்றிச் சிறிது காலத்துக்குள் மெலிந்து மடியும். பிட்யூட்டரியையும் இழந்த நாய் இன்சுலின் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருந்தது. உணவு கிடைத்தவரையில் ஓரளவு நலமாகவும் இருந்தது. பட்டினி போட்டால் மாத்திரம் ரத்தத்தின் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிடும். சர்க்கரை மிகுதியால் சாகவேண்டிய பிராணி சர்க்கரைக் குறைவால் சாகும் நிலைக்கு வந்ததைக் காட்டிலும் தெளிவான நிரூபணம் வேறென்ன வேண்டும்? 1930ஆம் ஆண்டை ஒட்டி இவை ஏடுகளில் வெளிவந்தன. இவ்வாறு இரண்டு சுரப்பிகளையும் இழந்த பிராணியை ஹூசே பிராணி என்றே உடலியல் நூல்கள் பின்னர் அழைக்கலாயின. இதன் மறுபக்கமும் 1932இல் கிடைத்தது: கணையம் பழுதுபடாத, முற்றும் ஆரோக்கியமான நாய்களுக்கு முன்மடலின் சாரத்தைச் சில நாட்கள் தொடர்ந்து செலுத்தியபோது அவற்றுக்கு நீரிழிவு கண்டது. 1937இல் இங்கிலாந்தின் எப். ஜி. யங், இதே முறையில் நெடுநாள் செலுத்தினால், மருந்தை நிறுத்திய பின்னரும் நீங்காத நிரந்தர நீரிழிவு உண்டாகும் என்று காட்டினார். அளவற்ற எதிர்ப்போடு போராடிப் போராடிக் கணையமே சோர்ந்துபோகும் என்பது அதனால் தெரியவந்தது.

இவற்றின் உட்பொருளை விளக்க வேண்டுமானால், சர்க்கரையின் அளவைச் சரீரம் ஒரு தராசைப் போல நிறுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். ஒரு தட்டில் இன்சுலின். அது ரத்தத்தின் சர்க்கரையைத் திசுக்களுக்குள் செலுத்துகிறது, ஈரலில் சேமித்து வைக்கிறது. மறுதட்டில் அதற்கு எதிரான சக்திகள். பிட்யூட்டரியின் முன்மடலில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. அதே மடலில் சுரக்கும் மற்றொரு ஹார்மோன் சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரினல் சுரப்பிகளைத் தூண்ட, அங்கிருந்து வரும் சாரம் புரதத்தைக் கரைத்துச் சர்க்கரையாக்கும்படி ஈரலை ஏவுகிறது. பட்டினி கிடக்கும்போது மூளைக்குச் சர்க்கரை குறையாமல் காப்பது இந்த மறுதட்டுத்தான். ஆகவே அது விரோதியன்று. அது இல்லாமல் ஒரு நாள் உபவாசத்தையும் தாங்க முடியாது. இன்சுலின் தட்டு இலேசானாலும் நீரிழிவு வரும். மறுதட்டு மிகக் கனத்தாலும் நீரிழிவு வரும். 1936இல் பிலடெல்பியாவில் லாங், லூக்கன்ஸ் என்ற இருவர், கணையம் இழந்த பூனைகளின் அட்ரினல் சுரப்பிகளை அகற்றியபோதும் நீரிழிவு தணிந்ததென்று கண்டது ஹூசேயின் கொள்கைக்கு மேலும் ஓர் உறுதியைத் தந்தது. ஒரு காலத்தில் ஓர் அவயவத்தின் குறை என்று எண்ணப்பட்ட வியாதி, இப்போது பல சுரப்பிகளுக்கிடையே நிலவ வேண்டிய சமநிலையின் குலைவாக விளங்கலாயிற்று. என்னுடைய மதிப்பில், மின்கோவ்ஸ்கிக்குப் பின் நீரிழிவைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியவர் ஹூசே. டொராண்டோவின் வெற்றி உயிர்களைக் காத்தது, ஆனால் எண்ணத்தை மாற்றவில்லை.

வைத்தியர்களுக்கு இதனால் கிடைத்த பயன்களுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நெடுநாள் நீரிழிவினால் கண்ணின் பின்திரையில் ரத்தக்கசிவு உண்டாகிப் பார்வை அழியும். 1953இல் டென்மார்க்கின் பௌல்சென் என்ற வைத்தியர், பிரசவத்தின்போது பிட்யூட்டரி அழிந்துபோன நீரிழிவுப் பெண்மணி ஒருவரின் கண் நோய் தணிந்துவிட்டதைக் கண்டு எழுதினார். அதன்பின் பல நாடுகளில், கண்பார்வையைக் காப்பதற்காகவே பிட்யூட்டரியை அகற்றும் அறுவை சில காலம் செய்யப்பட்டது. ஒளிக்கற்றைச் சிகிச்சை வந்த பிறகு அந்தக் கடுமையான வழி கைவிடப்பட்டது.

மீண்டும் பியூனஸ் அயர்ஸுக்குத் திரும்புவோம். 1943ஆம் ஆண்டு ஜூன் மாதம் அர்ஜென்டீனாவில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. உலக யுத்தத்தின் நடுப்பகுதி அது. அந்த ஆண்டு அக்டோபரில், அரசியல் சட்டப்படியான ஜனநாயகம் திரும்பவேண்டும் என்றும், அமெரிக்கக் கண்டத்து நாடுகளோடு ஒற்றுமை பேணவேண்டும் என்றும் கோரி, அந்நாட்டுப் பிரமுகர்கள் பலர் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஹூசேயும் அதில் கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட அரசாங்க ஊழியர் அனைவரையும் நீக்கும்படி கட்டளை பிறந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு செங்கல்லாக எழுப்பிய ஆய்வகத்தினின்றும் 56 வயதில் அவர் வெளியேற்றப்பட்டார். அவருடைய சீடர்களில் பலர், தம்மை யாரும் நீக்காதபோதே, குருநாதருக்கு இழைத்த அநீதியைப் பொறாமல் தாமாகவே பதவியைத் துறந்து அவரோடு வெளியே வந்தார்கள். சம்பளத்தையும் எதிர்காலத்தையும் ஒரு நாளில் துறந்த அந்த இளைஞர்களை எண்ணும்போது, நல்ல ஆசிரியன் என்பவன் எத்தகையவன் என்பதை ஹூசே தம் பிரசங்கங்களால் மட்டும் கற்பிக்கவில்லை என்று தெரிகிறது.

வெளிநாட்டுச் சர்வகலாசாலைகள் அவரை அழைத்தன. அமெரிக்காவுக்குச் சென்றிருந்தால், விரும்பிய கூடமும் விரும்பிய பணமும் கிடைத்திருக்கும். அவர் போகவில்லை. தாம் போய்விட்டால் அர்ஜென்டீனாவில் விஞ்ஞானம் என்ற செடி வேர்பிடிக்கும் முன்னே பட்டுப்போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தனியார் நன்கொடையைக் கொண்டு, சௌபெரான் அறக்கட்டளையின் உதவியால், 1944ஆம் ஆண்டு மார்ச் மாதம் கோஸ்ட்டா ரிக்கா என்ற பெயர் கொண்ட தெருவில் ஒரு வீட்டில், உயிரியல் மற்றும் பரிசோதனை வைத்திய ஆய்வகம் என்ற புதிய ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பிரவுன் மெனெண்டஸ், போலியா, லூயிஸ், ஒரியாஸ் என்ற பழைய சகாக்கள் அதில் அவரோடு நின்றார்கள். ராக்பெல்லர் அறநிறுவனமும் துணைசெய்தது. அந்தக் கடினமான காலத்தில்தான் ஹூசேயும் அவருடைய கூட்டத்தாரும் சேர்ந்து எழுதிய மனித உடலியல் என்ற பெரிய பாடநூல் வெளிவந்தது. ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் ஒரு தலைமுறை வைத்தியர்கள் அதைப் படித்தே உடலியல் கற்றார்கள். பிறகு அது வேறு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. 1945இல் பதவி திரும்பக் கிடைத்தது. அடுத்த ஆண்டே, அதிபராக வந்த பெரோனின் ஆட்சியில் மீண்டும் பறிக்கப்பட்டது. அவர் தெருவோர வீட்டுக்குத் திரும்பி விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்.

அந்த வீட்டில் இருக்கும்போதுதான், 1947இல் உடலியல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. சர்க்கரையின் வளர்சிதை மாற்றத்தில் பிட்யூட்டரி முன்மடலின் ஹார்மோனுக்குள்ள பங்கைக் கண்டுபிடித்தமைக்காகப் பரிசில் ஒரு பாதி. மற்றப் பாதி செயின்ட் லூயிஸ் நகரத்து கார்ல் கோரி, ஜெர்ட்டி கோரி தம்பதியருக்கு. விஞ்ஞானத்துக்கான நோபல் பரிசை லத்தீன் அமெரிக்கா முழுவதிலும் முதன்முதலாகப் பெற்றவர் ஹூசேயே. தேசம் முழுவதும் கொண்டாடியிருக்க வேண்டிய நாள் அது. ஆனால் ஆட்சியைச் சார்ந்த பத்திரிகைகள், பெரோனை அவமதிக்கும் அரசியல் நோக்கத்தோடு அளிக்கப்பட்ட பரிசு என்று அதைத் தூற்றின. தேரையின் தோலுக்கடியில் பதித்த அந்த முன்மடலுக்கு எந்த ஆட்சியைப் பற்றி என்ன தெரியும்! 1930இல் நிரூபணமான உண்மைக்கு 1947இல் வந்த மரியாதையை அரசியலாக்கியது அந்தப் பத்திரிகைகளுக்குத்தான் சிறுமை.

1955இல் பெரோன் ஆட்சி வீழ்ந்த பின்னர் சர்வகலாசாலை அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. 1958இல் விஞ்ஞான ஆராய்ச்சிக்கான தேசிய மன்றம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். வைத்தியத்தில் மட்டுமின்றி எல்லா விஞ்ஞானத் துறைகளிலும் முழுநேர ஆராய்ச்சியை ஒரு வாழ்க்கைத் தொழிலாக ஏற்க இளைஞர்களுக்கு வழிசெய்த அமைப்பு அது. 1919இல் தனி மனிதராக அவர் எடுத்துக்கொண்ட சபதத்தை இப்போது ஒரு தேசம் ஏற்றுக்கொண்டது என்றே சொல்லவேண்டும். இறுதிவரையில் அந்தத் தலைமைப் பொறுப்பிலேயே இருந்தார்.

அவருடைய சீடர்களுள் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. லூயிஸ் லெலுவார் பாரிஸில் பிறந்து அர்ஜென்டீனாவில் வளர்ந்தவர். அட்ரினல் சுரப்பிக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஹூசேயிடம் பயின்று 1934இல் ஆய்வேடு எழுதியவர். 1943இல் ஹூசே நீக்கப்பட்டபோது இவரும் வெளியேறி அமெரிக்கா சென்றார். யுத்தம் முடியும் தறுவாயில் திரும்பிவந்து, 1947 முதல் ஹூசேயின் ஆய்வகத்துக்கு அருகிலேயே ஒரு சிறு கூடத்தை நடத்தினார். சர்க்கரை உயிரணுக்குள் வேறு வடிவங்களாக மாறுவதற்குத் துணைநிற்கும் நியூக்ளியோடைடு சேர்மங்களை அங்கேதான் கண்டுபிடித்தார். 1970இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டபோது ஹூசேக்கு 83 வயது. விஞ்ஞானத்துக்காகத் தம் தேசத்துக்கு இரண்டாம் முறையாக, தம் மாணவர் வழியாக வந்த அந்தப் பரிசைக் கண்ணாரக் கண்ட பின்னரே, 1971 செப்டம்பர் 21ஆம் தேதி அவர் காலமானார்.

1943இன் இறுதியில் அமெரிக்கா சென்ற லெலுவார் முதலில் போய்ச் சேர்ந்த இடம் செயின்ட் லூயிஸ் நகரத்து கோரி தம்பதியரின் ஆய்வுக்கூடம். கணவனுக்கு இருந்த தகுதி அனைத்தும் இருந்தும் மனைவிக்குப் பேராசிரியர் பதவி பல ஆண்டுகள் மறுக்கப்பட்டிருந்த அந்த இடத்தில்தான், ஈரலும் தசையும் சர்க்கரையைச் சேமித்து வைத்து மீண்டும் கரைக்கும் வழி ஒவ்வொரு படியாக வெளிப்பட்டது. ஜெர்ட்டி கோரி அம்மையாரின் வரலாறு அடுத்த அத்தியாயத்தில்.